மூன்று பேர், எட்டு சேனல், ஒன்பது பாட்டு: டெல்டாவில் ஒரு ராக் ஆல்பம் பதிவு

கடைமடை:
கும்பகோணம் பக்கத்து மூவர் குழு. கிட்டாரும் குரலும் ஒருத்தர், பேஸ் ஒருத்தர், டிரம்ஸ் ஒருத்தர். ஆல்டர்நேடிவ் ராக், வரிகள் முழுக்கத் தமிழ். முதல் முழு ஆல்பத்துக்கு ஒன்பது பாட்டு தயார், மொத்தம் 38 நிமிடம். சென்னைக்குப் போகாமல் இங்கேயே பதிவு செய்வதாக முடிவு.

இடம்: பழைய வீட்டில் தளம் போட்ட அறை. நீளம் 20 அடி, அகலம் 12, உயரம் 10. சிமெண்ட் தரை. கதவைத் திறந்தால் ஓட்டுத் தாழ்வாரமும் முற்றமும். பக்கத்தில் இரண்டு சின்ன அறைகள்.

கையில் இருப்பது: ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 (எட்டு மைக் சேனல் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ்), ஷூர் எஸ்எம்57 மைக் மூன்று, எஸ்எம்58 ஒன்று, கிக் டிரம் மைக் ஒன்று, சின்ன கண்டென்சர் மைக் ஒரு ஜோடி, பெரிய கண்டென்சர் ஒன்று, டிஐ பாக்ஸ் (பேஸை நேரடியாக இன்டர்ஃபேஸில் சேர்க்கும் பெட்டி) ஒன்று, நாலு சேனல் மிக்சர் ஒன்று.

திட்டம்: ஐப்பசியில் தொடங்கி, முதலில் டிரம்ஸ் மட்டும் கிளிக்கோடு (ஹெட்ஃபோனில் வரும் தாள எண்ணிக்கை ஒலி), பிறகு பேஸ், பிறகு கிட்டார் நாலு அடுக்கு, கடைசியில் குரல். ஒன்பதாவது பாட்டுக்கு நாதஸ்வரமும் தவிலும் உண்டு. இதில் எங்கே பிசகும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
தம்பி, கருவியெல்லாம் போதும். திட்டத்தைத்தான் மாத்தணும். முதல்ல மாசம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை வந்தா ஓட்டு மேல விழுற சத்தம் ஒரு பக்கம். சம்பா வயல்ல தண்ணி நின்னா ராத்திரி முழுக்கத் தவளை கத்தும், அது டிரம்ஸுக்கு மேல வைக்கிற ஓவர்ஹெட் மைக்ல அப்படியே ஏறும், எந்த ஃபில்டரும் எடுக்காது. மார்கழி விடியக்காலை கோயில் குழாய் ஸ்பீக்கர். தை மாசம் முழுக்க அறுவடை மெஷின். தாளடியும் அறுத்து முடிஞ்ச பிறகு, மாசிக் கடைசியிலிருந்து பங்குனி நடுவரைக்கும்தான் அமைதி கிடைக்கும். உங்க ஊர்க் கோயிலுக்கு எப்போ காப்புக் கட்டுறாங்கன்னு மட்டும் முன்னாடியே கேட்டு வச்சிக்கங்க. காலை பத்தரையிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் டிரம்ஸ், கிட்டார். குரலுக்கு ராத்திரி எட்டுக்கு மேல.

ரெண்டாவது, தனித்தனியா அடுக்குறது. அஞ்சு பேர் குழுவில ஒருத்தர் கொஞ்சம் தள்ளினா மத்தவங்க மூடிடுவாங்க. மூணு பேர்ல மூட ஆள் இல்ல. டிரம்மர் கிளிக்கை மட்டும் கேட்டு வாசிச்சா, கிட்டார் எங்க இழுக்குது, பாடுறவர் எங்க மூச்சு வாங்குறார்னு அவருக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சு வாசிக்கிறதுதான் மூவர் குழுவோட உயிர். நிர்வாணாவோட 1993 ஆல்பத்தை ஸ்டீவ் ஆல்பினி மினசோட்டாவில பேச்சிடெர்ம் ஸ்டுடியோவில பதிவு பண்ணினப்போ, அடிப்படைத் தடங்களைப் பெரும்பாலும் மூணு பேரும் சேர்ந்து வாசிக்கத்தான் எடுத்தார். அந்த வருஷம் பிப்ரவரியில ஏறக்குறைய ரெண்டே வாரத்துல வேலை முடிஞ்சுது.

அதனால டிரம்ஸ் பெரிய அறையில. கிட்டார் ஆம்ப் ஒரு சின்ன அறையில, பேஸ் ஆம்ப் இன்னொண்ணுல, ரெண்டு கதவும் சாத்தி. ஆளுங்க மூணு பேரும் பெரிய அறையில ஒருத்தர் முகம் ஒருத்தர் பார்க்கிற மாதிரி நிக்கணும். ஆம்புக்கு கேபிள் மட்டும் கதவுக்கு அடியில போகட்டும். 20 அடிக்கு மேல நீளம் வேணாம், கிட்டார்ல மேல்சுரம் மங்கிடும்.

எட்டு சேனல் இப்படிப் போகலாம்: கிக், ஸ்னேர் (57), ஓவர்ஹெட் ரெண்டு (சின்ன கண்டென்சர்), கிட்டார் ஆம்ப் (57), பேஸ் டிஐ, பேஸ் ஆம்ப் (57), தாழ்வாரத்துல பெரிய கண்டென்சர். வழிகாட்டுக் குரலுக்கு சேனல் வீணாக்காதீங்க. எஸ்எம்58-ஐ மிக்சர்ல குத்தி, இன்டர்ஃபேஸோட லைன் அவுட்டையும் அதே மிக்சருக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து ஹெட்ஃபோனுக்குக் கொடுங்க. 18ஐ20 முன்பக்கம் ரெண்டு ஹெட்ஃபோன் துளைதான் இருக்கு. அந்த மிக்சரே மூணாவது ஆளுக்கும் ஆச்சு. ஆனா அந்தக் குரல் ஓவர்ஹெட்ல கொஞ்சம் ஏறும், அதனால முழு வீச்சுல பாடாம முனகினா போதும்.

கிளிக்கை நாலு எண்ணிக்கை வரைக்கும் மட்டும் விட்டு நிறுத்திடுங்க. கோரஸ்ல வேகம் ரெண்டு மூணு பிபிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை அடி) ஏறுறது குத்தமில்ல. ஒரே பாட்டுக்குள்ள எட்டு, பத்துன்னு ஏறினா அது ஒத்திகை போதலைன்னு அர்த்தம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டிபியைத் தாண்ட விடாதீங்க. எட்டு சேனலுக்கு நிமிஷத்துக்கு சுமார் 70 எம்பி. ஒரு பாட்டுக்குப் பத்து டேக் எடுத்தாலும் ஆல்பத்துக்கு 27 ஜிபிக்குள்ள முடியும். அன்னன்னைக்கு ரெண்டு டிஸ்க்ல காப்பி.

வெண்ணாறு:
டிரம்ஸ் பத்தி நான் சேர்க்கிறேன். நாலு மைக்ல ஒரு செட் முழுசா வரணும்னா ஓவர்ஹெட் வைக்கிற இடம்தான் எல்லாமே. முதல் மைக் ஸ்னேருக்கு நேர் மேல, சுமார் 40 அங்குல உயரம். ரெண்டாவது ஃப்ளோர் டாமுக்கு வெளிப்பக்கம், டாமை விட ஒரு சாண் உயரத்தில, ஸ்னேரையும் ஹைஹேட்டையும் பார்த்து. ரெண்டுமே ஸ்னேர் நடுவிலிருந்து ஒரே தூரம் இருக்கணும். கண்ணால அளக்காதீங்க. ஒரு சணல் கயிறை ஸ்னேர் நடுவில பிடிச்சு ரெண்டு மைக்குக்கும் இழுத்துப் பாருங்க. ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு சத்தம் சுமார் 3 மில்லிசெகண்ட் தள்ளி வரும். அரை அடி தப்பினாலே ஸ்னேரோட மேல்பகுதி சல்லடையில சலிச்ச மாதிரி ஆயிடும்.

வச்சு முடிச்சதும் நாலு சேனலையும் நடுவில மோனோவா வச்சு, ஒவ்வொண்ணா போலாரிட்டியை (அலையோட மேல்-கீழ் திசையை) திருப்பிக் கேளுங்க. எந்த நிலையில கிக்கும் ஸ்னேரும் கனமா இருக்கோ அதுதான் சரி. இந்த அஞ்சு நிமிஷ வேலையை விட்டுட்டு மிக்சிங்ல கிக்குக்கு 60 ஹெர்ட்ஸ் ஏத்தி ஏத்திப் பார்க்கிறவங்க நிறைய.

தலைத்தோல் பழசா இருந்தா பதிவுக்கு முன்னாடி மாத்துங்க, மாத்தி ஒரு நாள் விட்டு டியூன் பண்ணுங்க. எதிரெதிர் போல்ட்டா முறுக்கணும், வரிசையாச் சுத்தி வரக்கூடாது. டிரம் தோல் பிளாஸ்டிக், தவில் மாதிரி ஈரத்துல தொய்யாது. ஆனா மர ஓடு ஈரம் குடிக்கும், காலையில வச்ச சுருதி மதியம் நிக்காது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி ஸ்னேரையும் ஃப்ளோர் டாமையும் சரிபாருங்க.

இன்னொண்ணு. பேஸ் ஒரு சுரத்தைப் பிடிச்சா ஸ்னேர் கம்பி 'சர்ர்'னு அதிரும். ஆம்ப் வேற அறையில இருந்தாலும் சுவர் வழியா வரும். ஸ்னேருக்கு அடித்தோலைக் கால் சுத்து முறுக்கினா பெரும்பாலும் நிக்கும். மெதுவான பாட்டுல அமைதியான இடம் இருந்தா டிரம்மர் அந்த இடத்துல ஸ்ட்ரெய்னரை (ஸ்னேர் கம்பியை இறுக்குற நெம்பை) இறக்கிடணும்.

கடைமடை:
நன்றி அண்ணே. மாசிக்குத் தள்ளி வைத்துவிடலாம். பேஸ் விஷயம் ஒன்று உண்டு: இந்தப் பெரிய அறையில் சில சுரங்கள் மட்டும் குமுறுகின்றன, சில காணாமல் போகின்றன. சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா? வைக்கோல் கட்டு நிறையக் கிடைக்கும், அது உதவுமா?

அரசலாறு:
முட்டை அட்டை வேண்டாம் தம்பி. அது மேல்சுரத்தை மட்டும் கொஞ்சம் மழுக்கும், கீழே ஒன்றுமே செய்யாது. அறை இன்னும் மோசமாகக் கேட்கும்.

உங்கள் அறையின் கணக்கு இது. நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர். அதை அறையின் நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் எந்த அதிர்வில் அறை குமுறும் என்று தெரியும். 20 அடிக்கு 29 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 48, 10 அடிக்கு 57. பேஸில் மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி 49 ஹெர்ட்ஸ், அதற்கு முந்தைய எஃப் ஷார்ப் 46. திறந்த ஏ கம்பி 55, அடுத்த ஏ ஷார்ப் 58. ஆக எஃப் ஷார்ப், ஜி, ஏ, ஏ ஷார்ப் நாலும் உங்களுக்கு வீங்கும். குமுறுவது இந்தச் சுரங்கள்தானா என்று வாசித்துப் பாருங்கள். அறையின் நட்ட நடுவில் நின்றால் இவையே காணாமல் போகும், சுவரோரம் போனால் இரட்டிப்பாகும்.

நாலு அங்குல ராக் வுல்லுக்கும் 48 ஹெர்ட்ஸ் அடங்காது. அதனால் அறையோடு சண்டை போடாமல் பேஸ் ஆம்பை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், குடமுருட்டி சொன்ன இடம் சரி. டிரம்ஸ் செட்டை நட்ட நடுவில் போடாமல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் போடுங்கள். முற்றத்துக் கதவு திறந்தே இருக்கட்டும். திறந்த கதவு கீழ் அதிர்வை வெளியே விட்டுவிடும், காசும் இல்லை. செட்டுக்குக் கீழே ஜமக்காளம், பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, சுவரைவிட்டு அரை அடி தள்ளி நிறுத்தி. கோரைப்பாய் மெல்லிசு, தரையில் கால் வழுக்காமல் இருக்கத்தான் ஆகும்.

வைக்கோல் கட்டு நல்லாவே உறிஞ்சும், ஒன்றரை அடிக் கனம் என்றால் ராக் வுல்லுக்குக் குறைவில்லை. ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமிருந்தால் உள்ளே சூடேறும். தூசி பாடுகிறவர் தொண்டைக்கும் கண்டென்சர் மைக்குக்கும் ஆகாது. ஆம்பும் மின்கம்பியும் இருக்கும் அறைக்குள் வைக்கோலைக் கொண்டு வராதீர்கள். தாழ்வாரத்தில், தெருப்பக்கச் சத்தத்தைத் தடுக்க அடுக்கலாம்.

இனி வாசிப்பு. மூவர் குழுவில் பேஸ்தான் இரண்டாவது கிட்டார். இந்த ஆல்பம் நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மார்ஃபீன் என்ற அமெரிக்க மூவர் குழுவில் பெரும்பாலும் கிட்டாரே கிடையாது. இரண்டு கம்பி பேஸ், பாரிடோன் சாக்ஸஃபோன், டிரம்ஸ். அந்தப் பதிவுகளில் எதுவும் குறைவதாகக் காது சொல்லாது. பேஸ் நடுப்பகுதி வரை ஏறி நிற்பதுதான் காரணம்.

அதைச் செய்யும் வழி: டிஐ தடத்தை அப்படியே சுத்தமாக வைத்து 180 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி, நாலுக்கு ஒன்று கம்ப்ரெஷன் (உச்சத்தை அமுக்குவது). ஆம்ப் தடத்தில் டிஸ்டார்ஷன் போட்டு 180-க்குக் கீழ் வெட்டி. இரண்டும் சேர்ந்தால் அடியும் இருக்கும், பல்லும் இருக்கும். முழு சிக்னலையும் ஃபஸ் பெடலில் ஓட்டினால் அடி கரைந்துவிடும், கிக் தனியாகத் தொங்கும். இரண்டு தடத்துக்கும் நேர வித்தியாசம் இருக்கும்: மைக் ஆம்பிலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தால் ஆம்ப் தடம் சுமார் 0.9 மில்லிசெகண்ட் பிந்தும். பெரிதாக்கிப் பார்த்து டிஐயை அந்த அளவு பின்னுக்குத் தள்ளுங்கள்.

கிட்டார் சோலோ எடுக்கும்போது பேஸ் மூலச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் பாட்டு ஓட்டையாகிவிடும். அப்போது ச-ப இரண்டையும் சேர்த்து மேலே பிடித்து வாசிக்க வேண்டும், டிரம்மர் ஹைஹேட்டை விட்டு ரைடுக்குப் போக வேண்டும். இதை ஒத்திகையிலேயே எழுதி வையுங்கள். மிக்சிங்கில் ஒட்டுப்போட முடியாது.

வீரசோழன்:
மின்சாரத்தை யாரும் பேசலையே. டெல்டாவில பதிவு கெடுறதுல பாதி இதனாலதான்.

முதல்ல மல்டிமீட்டர் எடுத்து நாள் முழுக்க மணிக்கு ஒருதரம் வோல்டேஜ் குறிச்சுக்கங்க. கணக்குக்கு 230. சுத்துவட்டாரத்துல பம்ப்செட் ஓடுற நேரம் அது எவ்வளவு இறங்குதுன்னு தெரியணும். 200-க்குக் கீழ போனா வால்வு ஆம்போட சத்தமே மாறும், காலையில எடுத்த டேக்கும் மதியம் எடுத்ததும் ஒட்டாது. ஆம்ப் ரெண்டுக்கும் ஒரு சர்வோ ஸ்டெபிலைசர். லேப்டாப்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் 1 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ். வீட்டு இன்வெர்ட்டர்ல பதிவு பண்ணாதீங்க, சதுர அலை வர்ற வகையா இருந்தா எல்லாத் தடத்துலயும் ரீங்காரம் ஏறிடும்.

அடுத்து எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில 2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் குழியைப் பார்க்கணும். பழைய வீடுகள்ல குழி காஞ்சு, குழாய் துருப்பிடிச்சுக் கிடக்கும். கோடையில தண்ணி ஊத்தினாலே பாதி சரியாகும். இல்லன்னா புதுக் குழாய் இறக்கி கரியும் உப்பும் போட்டு மூடணும். அதுக்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வரணும்.

எல்லாக் கருவியும் ஒரே பாயிண்ட்லிருந்து மின்சாரம் எடுக்கட்டும். இந்த அறையில ஒண்ணு, அந்த அறையில ஒண்ணுன்னு குத்தினா எர்த் லூப் வந்து 'ஊம்'னு பாடும். அந்த ஊமை நிறுத்த பிளக்ல எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கு. உயிர் போற வேலை அது. கையில கிட்டார் கம்பி, உதட்டுல மைக். ஆம்ப்ல ஒரு கசிவு இருந்தா கரண்ட் உடம்பு வழியாத்தான் இறங்கும். டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கு, அதைப் போடுங்க. போதும்.

'ஊம்'னு கனமா வந்தா பெரும்பாலும் லூப். 'ஸ்ஸ்ர்ர்'னு கூர்மையா வந்தா எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவு எல்இடி விளக்கு, இல்ல கிட்டாரோட சிங்கிள் காயில் பிக்கப். கிட்டாரோட உடம்பைத் திருப்பிப் பாருங்க. திசை மாறினா சத்தம் குறையுதுன்னா பிக்கப்தான், அந்தத் திசையிலேயே நின்னு வாசிக்கட்டும். டேக் ஓடுறப்போ ஃபேன், ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டார் மூணும் ஆஃப்.

பாமணி:
மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிட்டாரை ஒரே தடமாக வைத்தால் மெலிந்து கேட்கும். இன்றைக்குக் கேட்கிறவர்கள் ஹெட்ஃபோனில் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி கிட்டார் எதிர்பார்க்கிறார்கள். இடது வலது இரண்டு அடுக்காவது வேண்டும்.

குடமுருட்டி:
பாமணி சார், கோரஸுக்கு ரெண்டு அடுக்கு வைக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. பாட்டு முழுக்க நாலு அடுக்குன்னு தம்பி எழுதினாரே, அதுதான் வேண்டாம்னு சொல்றேன். ஆரம்பத்துலயே சுவர் எழுப்பிட்டா கோரஸுக்கு எழும்ப இடமில்ல. தவிர மேடையில மூணு பேர்தான், ஆல்பத்தைக் கேட்டுட்டு வர்றவங்களுக்கு மேடை குறையாத் தெரியும்.

சரணத்துல ஒரே கிட்டார், நடுவிலிருந்து இடதுபக்கம் முப்பது சதவீதம் தள்ளி. தாழ்வார மைக்கை வலதுபக்கம். அந்த ஓட்டுக் கூரையிலிருந்து பட்டு வர்ற சத்தம் எந்த ரிவெர்ப்லயும் கிடைக்காது, அதை நம்பி மிக்ஸ் பண்ணுங்க. கோரஸ் வந்ததும் ரெண்டாவது கிட்டார் வலதுபக்கம் முழுசா திறக்கட்டும். அதுலயும் அதே கிட்டார், அதே பெடல், அதே கார்டுன்னு வாசிக்காதீங்க. கேப்போ (கிட்டார் கழுத்துல மாட்டுற கிளிப்) போட்டு மேல் நிலையில, கெயினைப் பாதியாக் குறைச்சு. டிஸ்டார்ஷன் அதிகமாக அதிகமா அடுக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு மெலியும். நீங்க சொல்ற மெலிவு அங்கதான் வருது.

கிட்டார்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, அது பேஸோட வீடு. 250-லிருந்து 400 வரைக்கும் சேறு மாதிரி சேரும், அதை கிட்டார்லதான் ரெண்டு மூணு டிபி குறைக்கணும், பேஸ்ல இல்ல. முடிச்சதும் மோனோவில கேளுங்க. டவுன் பஸ் ஸ்பீக்கர்லயும் பல போன்லயும் ரெண்டு பக்கம்ங்கிறதே தெரியாது.

பாமணி:
கோரஸில் மட்டும் என்றால் சரி, அது பொருந்தும். வரிகள் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் தமிழில் ராக் பாடும்போது அதிகம் கெடுவது அங்கேதான்.

ராக் மெட்டில் நீண்ட சுரம் பெரும்பாலும் வரியின் கடைசியில் விழும். நம் சொற்களில் பாதி குற்றியலுகரத்தில் முடியும்: காற்று, நேற்று, விளக்கு, ஓட்டு. அந்த 'உ' அரை மாத்திரைதான். அதைப் பிடித்து நாலு எண்ணிக்கை இழுத்தால் வாய் குவிந்து சத்தம் அடைபடும், கிட்டாருக்கு மேல் எழவே எழாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, நீட்சியை முன்னெழுத்துக்கு மாற்றி 'கா' மேல் இழுத்து, 'ற்று' என்று டிரம் அடியோடு சட்டென்று மூடுவது. 'ற்ற', 'ட்ட', 'க்க' மூன்றும் ஸ்னேர் மாதிரி வெட்டும், பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும்) கிட்டாரோடு சேர்த்து வைத்தால் அவ்வளவு அழகு. மற்றொன்று, வரியை ஆ, ஏ, ஓ என்று வாய் திறக்கும் நெடிலில் முடிப்பது: 'இல்லையே', 'போகவா'. எல்லா வரியையும் 'காற்றே, ஊற்றே' என்று விளியில் முடிக்கவும் கூடாது, மேடை நாடகப் பாட்டாகிவிடும்.

குறிலை இழுக்காதீர்கள். 'விடு' இழுபட்டால் 'வீடு'. 'எடு' என்றால் 'ஏடு'. 'கல்' என்றால் 'கால்'. டிஸ்டார்ஷனுக்கு நடுவில் கேட்கிறவருக்குச் சந்தர்ப்பம் பார்த்துப் புரிந்துகொள்ள நேரமிருக்காது. மெட்டு அங்கே நெடில் கேட்கிறது என்றால் சொல்லை மாற்றுங்கள், மெட்டைத் தொடாதீர்கள்.

குரலுக்கு அந்தப் பெரிய கண்டென்சரைவிட எஸ்எம்58 மேல். பதப்படுத்தாத அறையில் கண்டென்சர் சுவரையும் சேர்த்துப் பாடும். நாலு விரற்கடை தூரம், கொஞ்சம் பக்கவாட்டில், 'ப' காற்று நேராக மோதாமல். 'ச' கூர்மையாக வரும் குரல் என்றால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை டி-எஸ்ஸர் (அந்தக் கூர்மையை அடக்கும் கருவி). ஒரு பாட்டுக்கு முழு டேக் நாலு, அதற்கு மேல் தொண்டை காய்ந்துவிடும். உரத்துப் பாடும் பாட்டுகளை அன்றைய கடைசியில் வையுங்கள்.

மல்லாரி:
நாதஸ்வரம் பற்றி. வித்துவானிடம் முதலில் கேட்க வேண்டியது அவர் வாத்தியம் எத்தனை கட்டை (சுருதி அளவு) என்பது. இப்போது பெரும்பாலும் பாரி நாகசுரம், 2 அல்லது 2½ கட்டை. 2 என்றால் டி, 2½ என்றால் டி ஷார்ப். அதைக் கிட்டார் மாதிரி முறுக்கி மாற்ற முடியாது. நீங்கள்தான் அவர் சுருதிக்கு வர வேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. டிராப் டி டியூனிங்கில் (கீழ்க் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குவது) கிட்டாரின் கீழ் மூன்று கம்பிகள் டி, ஏ, டி. அது அப்படியே ச, ப, ச. தம்புராவின் வேலையைக் கிட்டார் செய்யும். 2 கட்டை என்றால் அப்படியே வாசியுங்கள். 2½ என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ. பேஸுக்கு இன்னும் எளிது, ஈ கம்பியை அரைச் சுரம் இறக்கினால் டி ஷார்ப் வந்துவிடும்.

நாதஸ்வரத்துக்குக் கீழே முழு மேஜர், மைனர் கார்டு போடாதீர்கள். வித்துவான் காந்தாரத்தை (மூன்றாம் சுரமான 'க'வை) அசைத்துப் பிடிப்பார். கிட்டாரின் காந்தாரம் ஃப்ரெட்டில் அசையாமல் நிற்கும், இரண்டும் உரசும். ச-ப மட்டும் போதும். இராகத்துக்கு இடம் கிடைக்கும், ராக்குக்கும் அது பழக்கமான கார்டுதான்.

வாத்தியம் வாசிக்க வாசிக்கச் சூடேறி சுருதி ஏறும். பதினைந்து நிமிடமாவது வாசித்த பிறகு டியூனர் வைத்துப் பாருங்கள், அப்புறம் கிட்டாரைச் சேருங்கள். நாலைந்து சீவளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) வைத்திருப்பார், எதில் பதிவு தொடங்குகிறாரோ அதிலேயே பாட்டு முடியட்டும். மைக்கை அணசுக்கு (வாத்தியத்தின் கீழ் வாய்க்கு) நேராக வைத்தால் ஒரு கூர்மையான ஊதல்தான் வரும். சுரம் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. தாழ்வாரத்தில் ஐந்தடி தள்ளி, துளைகளின் உயரத்தில், அந்தப் பெரிய கண்டென்சர். தவிலுக்கு வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒரு 57, தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒரு 57, இரண்டடி தள்ளி, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். வலந்தலையில் கூடு போட்ட விரல் அடி திடீரென்று பாயும், சராசரி மைனஸ் 20-லேயே நிற்கட்டும். தோல் மழை ஈரத்தில் தொய்யும் என்பதால் மாசி, பங்குனி என்று சொன்னது இதற்கும் நல்லதுதான்.

கிளிக் சத்தத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். பாட்டு ஏழு எண்ணிக்கை என்றால் 'மிஸ்ர சாபு' என்று சொன்னால் போதும். கைத்தாளத்தை ஒரு தடமாகப் பதிந்து அதை ஹெட்ஃபோனில் கொடுங்கள். டிரம்மர் ஒன்றில் கிக், நாலிலும் ஆறிலும் ஸ்னேர் வைத்தால் தவிலின் தட்டோடு ஒட்டும். தவில் மேலெழும் இடத்தில் டாம்களைத் தொடாமல் விலகிக்கொள்ள வேண்டும், தொப்பியும் ஃப்ளோர் டாமும் ஒரே இடத்தில் விழும்.

சம்பாவனை எவ்வளவு, பதிவு எத்தனை மணி நேரம் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆல்பத்தில் அவர்கள் பெயர் ஊரோடு சேர்ந்து வர வேண்டும்.

கொள்ளிடம்:
வெளியீட்டு வேலை சுருக்கமாக. மாஸ்டருக்கு அனுப்பும் மிக்ஸில் லிமிட்டரை (உச்சத்தை நசுக்கும் கருவியை) எடுத்துவிட்டு, உச்சம் மைனஸ் 6 டிபி வைத்து 24 பிட் வேவ் கோப்பாகக் கொடுங்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரி உரப்பின் அளவு) அருகே கொண்டு வந்துவிடும். மைனஸ் 7-க்கு நசுக்கி அனுப்பினால் அதைக் குறைத்துத்தான் ஒலிக்கும், ஸ்னேரின் உயிர் மட்டும் போயிருக்கும். மைனஸ் 10 முதல் 12 வரை, ட்ரூ பீக் மைனஸ் 1. அமைதியான பாட்டு அமைதியாகவே இருக்கட்டும், ஒன்பதையும் ஒரே மட்டத்துக்கு இழுக்க வேண்டாம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் 12 எழுத்துள்ள ஐஎஸ்ஆர்சி எண் (பதிவின் அடையாள எண்) வேண்டும். விநியோக நிறுவனங்கள் பெரும்பாலும் தாங்களே கொடுத்துவிடும். அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்சல். ஸ்பாட்டிஃபை தொகுப்பாசிரியர்களுக்குப் பாட்டை முன்வைக்கக் குறைந்தது 7 நாள் முன்னால் கோப்பு அங்கே இருக்க வேண்டும், மூன்று நான்கு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. பாட்டின் தலைப்பைத் தமிழ் எழுத்தில் பதிவதா, ஒலிபெயர்ப்பிலா என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து ஒன்பதுக்கும் ஒரே முறையில் எழுதுங்கள். 'ழ'வுக்கு ஒரு பாட்டில் ஓர் எழுத்து, இன்னொன்றில் வேறு எழுத்து என்றால் தேடுகிறவருக்குக் கிடைக்காது.

முக்கியமானது: வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்பதை மூன்று பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள், வெளியீட்டுக்கு முன். நம் பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கும் இசைக்கும் எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை. ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டு. இரண்டும் வெவ்வேறு சொத்து. வரி, மெட்டு எழுதியவர்கள் ஐபிஆர்எஸ்ஸில் (பாட்டுக்கான உரிமைத்தொகை வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராகலாம்.

கடைமடை:
எல்லாருக்கும் நன்றி. நாலு அடுக்குத் திட்டத்தைக் கைவிட்டாயிற்று, மூவரும் சேர்ந்தே வாசிக்கிறோம். ஒரே ஒரு கேள்வி மிச்சம். நாதஸ்வரம் 2½ கட்டை. மற்ற எட்டுப் பாட்டில் ஐந்து டிராப் டி, மூன்று சாதாரண டியூனிங். எந்த வரிசையில் பதிவு செய்வது?

அரசலாறு:
டியூனிங் வாரியாகப் பிரியுங்கள் தம்பி, ஆல்பத்தின் வரிசையில் போகாதீர்கள். முதல் நாள் சாதாரண டியூனிங் மூன்று. அன்று மாலையே கம்பியை மாற்றி டிராப் டிக்கு இறக்கி வைத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க இழுபட்டு நிற்கட்டும். கம்பிக் கனம் கிட்டாருக்கு 10-52, பேஸுக்கு 50-105. அதைவிட மெல்லிசு என்றால் அடித்தவுடன் சுருதி ஏறி இறங்கும். கழுத்தும் கொஞ்சம் நிமிரும், காலையில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி ஒத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அடுத்த இரண்டு நாள் டிராப் டி ஐந்து. கடைசி நாளை முழுசாக நாதஸ்வரத்துக்கு விட்டுவிடுங்கள், கிட்டாருக்குக் கேப்போ போட்டால் போதும், அதன் கம்பியைத் தொட வேண்டாம். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டி, அதன் மேலேறாமல் வையுங்கள். தள்ளி வைத்தால் கம்பி இழுபட்டு நாலைந்து சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறிவிடும், நாதஸ்வரத்தின் பக்கத்தில் அந்த நாலைந்து சென்ட் நன்றாகவே கேட்கும்.